கிளமெண்ட் ஆர்பெலின் பாதிக்குப் பாதி

அல்டர்ஸ்பி கிராமத்தில் கிளமெண்ட் ஆர்பெலைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: ரொம்ப நியாயமான மனிதர். இறைச்சிக் கடைக்காரர் சொல்வார், தபால்காரர் சொல்வார், ஆலயத்தில் மணியடிக்கிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். அவரும் ஒருநாளாவது அதை மறுத்ததில்லை.

அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டது கிடையாது. எதிரில் இருப்பவரின் குரல் உயரும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். உயர்ந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் நியாயமா பேசுவோமே" என்பார். அத்தோடு எதிராளியின் கதை முடிந்தது. இங்கிலாந்தில் கோபப்பட்டவன் தோற்றவன். அவன் பக்கம் வண்டி வண்டியாக நியாயம் இருந்தாலும் சரி. 'நியாயமாக நடந்துகொள்' என்ற அந்த வாக்கியத்தை அந்த நாட்டில் தினமும் எத்தனை லட்சம் பேர் சொல்கிறார்களோ, கணக்கில்லை. ஆனால் கண்ணாடியைப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஒருவரை இதுவரை யாரும் கண்டதில்லை. அது எப்போதும் அடுத்தவருக்கான மருந்து.

கிளமெண்ட் முப்பத்துநான்கு வருடம் லிங்கன்ஷயர் மாவட்ட அலுவலகத்தில் ஒற்றையடிப் பாதைகளைப் பார்த்துக்கொண்டார். வயல்களுக்கு நடுவே போகும் பழைய பாதையை விவசாயி உழுதுவிடுவார். நடக்கிறவர்கள் புகார் எழுதுவார்கள். ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளமெண்ட் போய் நிற்பார். பாதை நடக்கிறவர்களின் உரிமை என்று சட்டம் தெளிவாகவே சொல்லியது. தெளிவாக இருப்பதை அப்படியே விட்டால் அவருக்கு என்ன வேலை? பாதி வயல்வரை பழைய பாதை, மீதி வாய்க்கால் ஓரமாகச் சுற்றி, பட்டால் அரிக்கும் செந்தொட்டிச் செடிகளுக்குள் என்று தீர்ப்பளிப்பார். விவசாயி முணுமுணுப்பார். நடக்கிறவர்கள் காலைச் சொறிந்துகொண்டு போவார்கள். இரண்டு பக்கமும் சம அளவில் வயிறெரிந்தால் நியாயம் நடந்துவிட்டது என்பது அவர் வாய்பாடு. திருடனும் திருட்டுக் கொடுத்தவனும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு கைகுலுக்க வேண்டும் என்று சொல்கிற இந்த மூளைக்கு அரசாங்கம் ஓய்வுபெற்ற நாளில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பியது.

வீட்டிலும் அதே வாய்பாடுதான். தேனிலவுக்கு மனைவி மார்ஜரி ஸ்காட்லாந்து போக ஆசைப்பட்டாள். அவருக்கு வீட்டைவிட்டு நகரவே விருப்பமில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரு ரயில் சந்திப்பில் அறை எடுத்தார். கல்யாணமான முதல் வாரம் முழுக்க அந்தப் பெண் சரக்கு ரயில்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு அவள் பூனை கேட்டாள், அவர் எதுவும் வேண்டாம் என்றார், ஆமை வாங்கினார்கள். மார்ஜரி நல்ல பெண். தலையாட்டிப் பழகிவிட்டாள். நாற்பத்தாறு வருடம் அப்படி ஆட்டினாள்.

ஓய்வுக்குப் பிறகு அவர் சபை வார்டன் ஆனார். சாவிக்கொத்து, கூரை ஒழுகல், கல்லறைத் தோட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. புதிதாக ஊரில் குடியேறியவர்கள் ஞாயிறு காலை மணிச் சத்தத்தால் தூக்கம் கெடுகிறது என்று மனுக் கொடுத்தபோது, ஆறு மணிகளில் மூன்றை மட்டும் அடிக்கலாம் என்று தீர்த்து வைத்தார். ஆறும் ஒலித்தால் சங்கீதம். மூன்று ஒலித்தால் யாரோ வாளியை எட்டி உதைக்கிற மாதிரி இருக்கும். தூங்குகிறவர்களும் எழுந்தார்கள், மணியடிக்கிறவர்களும் அழுதார்கள். கூட்டக் குறிப்பில் 'சுமுகமான முடிவு' என்று எழுதிக்கொண்டார்.

ஆனால் அவர் உட்காரும் இடத்துக்கு மட்டும் இந்த வாய்பாடு ஏனோ வந்து சேராது. ஆலயத்தில் ஒரே ஒரு வெப்பக்குழாய்தான் ஒழுங்காகச் சுடும். அதை ஒட்டிய பெஞ்சின் ஓரம் அவருடையது. சக்கர நாற்காலியில் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அந்த ஓரத்தில் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். நாற்காலி நடைபாதையை மறைக்கும், தீப்பிடித்தால் எல்லோருக்கும் ஆபத்து என்று கனிவோடு விளக்கி, கதவுக்கு அருகே ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் அவரைத் தள்ளிவிட்டார். குளிர்காற்று நேரே முகத்தில் அடிக்கும் இடம் அது. ஒரு கம்பளியும் கொடுத்தார், பாவம், எவ்வளவு பெரிய மனசு!

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு ஒன்றில், குருவானவர் பிலிப்பா நோக்ஸ் நியாயமாக இருப்பது என்ற குணத்தைப் பற்றியே பிரசங்கம் செய்தார். அந்த ஆலயத்துக்கு வந்த முதல் பெண் குரு. முகத்தில் கள்ளம் கிடையாது.

"நியாயமா இருங்கன்னு பவுல் அப்போஸ்தலன் கிரேக்கத்துல சொன்னது வேற, நாம தினமும் சொல்றது வேற," என்றார். "நாம நியாயமா இருன்னு சொன்னா, நீ கொஞ்சம் விட்டுக்குடுன்னு அர்த்தம். பவுல் சொன்னது, சட்டம் என் பக்கம் இருக்கு, பத்திரம் என் கையில இருக்கு, இருந்தாலும் நான் பிடியை விடறேன்னு சொல்றவங்களை. கிறிஸ்து அப்படித்தான் விட்டார்."

கிளமெண்ட் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையசைத்தார். செடிவேலியைக் கத்தரிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பக்கத்து வீட்டுக்காரன் இந்த நேரம் பார்த்து ஆலயத்தில் இல்லையே என்று அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

ஜனவரியில் ஈனிட் ரட்கின் அவரிடம் வந்தாள். இருபத்தொன்பது வருடமாக ஆலயத்தைப் பெருக்கித் துடைத்து, பித்தளை விளக்குகளைத் தேய்த்து வருகிறவள். சம்பளம் என்று எதுவும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு டப்பா பிஸ்கட் கொடுப்பார்கள். இறந்துபோன அவள் புருஷன் வில்ஃப் கல்லறைத் தோட்டத்தின் தெற்குச் சுவர் ஓரம் அடக்கமாகிக் கிடந்தான். அந்த ஊர் ஈரத் தரை, ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் ஊறிவிடும். ஒருவர்மேல் ஒருவரைப் புதைக்க முடியாது, ஆளுக்கு ஒரு குழி. கல்லறைத் தோட்டத்தில் மிச்சமிருந்ததே இரண்டு குழிக்கான இடம்தான். அந்த இரண்டும் வில்ஃபுக்கும் பழைய யூ மரத்துக்கும் நடுவில் இருந்தன. வெயில் விழும் நல்ல மூலை. கிளமெண்ட் இருபத்துநாலு வருடத்துக்கு முன்பே தனக்கும் மார்ஜரிக்கும் என்று, ஆலயங்களை மேற்பார்க்கும் பேராயத்தில் எழுதி வாங்கி, தாளை மேஜை இழுப்பறையில் பத்திரப்படுத்தியிருந்தார்.

"மிஸ்டர் ஆர்பெல், ஒரு நிமிஷம் பேசலாமா?" கையில் துடைக்கிற துணியோடு நின்றாள்.

"சொல்லுங்க ஈனிட்."

"வில்ஃப் பக்கத்துல உங்க ரெண்டு எடம் இருக்குல்ல... அதுல ஒண்ணு எனக்குக் குடுப்பீங்களா? அடுத்த கிறிஸ்துமஸுக்கு நான் இருப்பேன்னு டாக்டர் உறுதியா சொல்ல மாட்டேங்கறார். நாப்பத்தோரு வருஷம் அந்த மனுசனோட எடப்பக்கம் படுத்தவ நான். வேற எங்க போட்டாலும் எனக்குத் தூக்கம் வராதுங்க."

கிளமெண்ட் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். துக்கம் கேட்கும்போது அவர் வைத்துக்கொள்ளும் சாய்வு.

"புரியுது ஈனிட். ரொம்ப நல்லாவே புரியுது. ஆனா பாருங்க, இது நான் ஒருத்தன் முடிவு பண்ற விஷயமா? கமிட்டி இருக்கு, ஒரு முறை இருக்கு. எல்லாருக்கும் நியாயமா ஒரு வழி கண்டுபிடிப்போம்."

முழுப் பொய். அவர் ஒருவரே முடிவு செய்யக்கூடிய விஷயம் அந்த ஊரில் ஏதாவது இருந்தது என்றால் அது இது ஒன்றுதான்.

சபைக் கமிட்டி கூடியது. நிகழ்ச்சி நிரலில் கூரை, ஒலிபெருக்கி, கோடைத் தேநீர் விருந்து எல்லாம் முடிந்து, கடைசியில் 'இதர விஷயங்கள்' என்பதன் கீழ் ஈனிட்டின் உடம்பு வந்தது. அவளைப் பற்றிப் பேசும்போது அவள் இருப்பது நாகரிகமில்லை என்று சமையலறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அவர்களுக்கெல்லாம் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி சமையலறைக்கே போனாள். மூன்று பேர் கொண்ட துணைக் கமிட்டி அமைத்து, அதற்குக் கிளமெண்டைத் தலைவராகப் போட்டார்கள். தன் இடத்தைத் தான் தரலாமா என்று ஆராயத் தானே தலைவர்! அந்த அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு அம்மாள் இஞ்சி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி, "கிளமெண்ட் கிட்ட விட்டா கவலையில்ல" என்றார்.

இரண்டரை மாதம் ஆராய்ந்தார்கள். மார்ச் கடைசியில் கிளமெண்ட் அளவு நாடாவோடு கல்லறைத் தோட்டத்தில் இறங்கினார். வண்ணப் பென்சிலால் வரைபடம் போட்டு, ஈனிட்டைக் கூப்பிட்டு மேஜையில் விரித்தார்.

"இதோ பாருங்க. நீங்க கேட்டது வில்ஃபுக்குப் பக்கத்துல. சட்டப்படி பார்த்தா உங்களுக்கு ஊர்ப் பொதுக் கல்லறைதான், ரெண்டு மைல் தள்ளி. நாங்க நடுவுல வந்திருக்கோம். தகனம் பண்ணிட்டு, சாம்பலை இதே தோட்டத்துல வெக்கலாம். அஸ்திக்குன்னு இந்தப் பட்டை ஒதுக்கியிருக்கோம்ல, அங்க. வில்ஃப்ல இருந்து முப்பத்தெட்டு அடிதான். நானே அளந்தேன்."

ஈனிட் வரைபடத்தைக் குனிந்து பார்த்தாள். பச்சைக் கோடு போட்ட அந்தப் பட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். வாடிய பூக்களையும் வெட்டிய புல்லையும் இருபத்தொன்பது வருடமாக அவளே கொண்டுபோய்க் கொட்டுகிற குப்பைக் குவியலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே உள்ள இடம்.

"எரிச்சிருவாங்களா, மிஸ்டர் ஆர்பெல்?"

"இப்பல்லாம் முக்கால்வாசிப் பேர் அதுதான் பண்றாங்க ஈனிட். சுத்தமான முறை. நீங்க ஒரு படி இறங்கி வாங்க, நாங்க ஒரு படி இறங்கி வரோம்."

அவர் எந்தப் படியிலிருந்து எங்கே இறங்கினார் என்று கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். கூட்டக் குறிப்பில் 'திருமதி ரட்கின் மகிழ்வோடு ஏற்றுக்கொண்டார்' என்று ஏறியது. மகிழ்வோடு! அந்தச் சொல்லை எழுதிய பேனாவை உடைத்துப் போடலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை மார்ஜரி பலிபீடத்துக்குப் பூ வைக்கப் போனாள். ஜன்னல் வழியே பார்த்தால், மழைத் தூறலில் ஈனிட் குழாயடியிலிருந்து வில்ஃபின் கல்வரை ஒரு காலுக்கு முன்னால் மறுகாலை ஒட்டி ஒட்டி வைத்து நடந்துகொண்டிருந்தாள். வாய் எண்ணிக்கொண்டிருந்தது. கல் வந்ததும் நின்றாள். மறுபடி திரும்பிப் போய் முதலிலிருந்து எண்ணினாள், இன்னொரு தடவை எண்ணினால் தூரம் குறைந்துவிடும் என்பதுபோல. மார்ஜரி கையிலிருந்த பூக்களைத் தண்ணீரில்லாமல் அப்படியே ஜாடியில் செருகிவிட்டு நேரே குருவானவர் வீட்டுக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை காலை கிளமெண்ட் அவித்த முட்டையின் தலையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என் பாதியை ஈனிட்டுக்குக் குடுத்துட்டேன்," என்றாள் மார்ஜரி.

"எந்தப் பாதி?"

"கல்லறைல என் பேருக்கு இருந்த எடம். வில்ஃபை ஒட்டி இருக்கிறது. பிலிப்பா பேராயத்துக்கு எழுதிட்டாங்க, நான் கையெழுத்தும் போட்டாச்சு."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "என்னைக் கேக்காமலா?"

"தாள்ல ஆளுக்கு ஒண்ணுன்னு தனித்தனியாத்தான் போட்டிருக்கு. உங்களோடதை நான் தொடலை. பத்திரமா இருக்கு, அந்த மரத்தடில."

"அப்போ என் பக்கத்துல..."

"ஈனிட். இந்தப் பக்கம் வில்ஃப், அந்தப் பக்கம் நீங்க, நடுவுல அவ."

கிளமெண்ட் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். "மார்ஜரி, ஊர்ல என்ன பேசுவாங்க? கல்லைப் படிக்கிறவன் என்ன நினைப்பான்? சர்ச்சைப் பெருக்குறவ பக்கத்துல... நான் வார்டன்!"

"பாதிக்குப் பாதி. இதைவிட நியாயமா எப்படிப் பண்றதுன்னு எனக்குத் தெரியலை. உங்ககிட்டதானே கத்துக்கிட்டேன்," என்று சொல்லி, ரொட்டிக்கு மார்மலேட் தடவிக்கொண்டாள்.

அந்த வாரம் கிளமெண்ட் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தனக்கும் ஈனிட்டுக்கும் நடுவில் ஒரு சிறு கல்வேலி வைக்கலாமா என்று பிலிப்பாவிடம் போய்க் கேட்டார். கல்லறைகளைச் சுற்றி வேலியோ விளிம்புக்கல்லோ கூடாது என்று விதி இருக்கிறதே என்று அந்தம்மாள் திகைத்தார். போன வருடம்தான், இறந்த குழந்தையின் கல்லறையைச் சுற்றிலும் வெள்ளைக்கல் பதித்த ஒரு தாயிடம் அதே விதியைக் காட்டிக் கிளமெண்ட் அத்தனையையும் பிடுங்கச் சொன்னார். புதர் நடலாமா என்றார். அதற்கும் தடை, அதுவும் அவர் கையெழுத்திலேயே அறிவிப்புப் பலகையில் தொங்கியது. ராத்திரி தூக்கமில்லை. இத்தனைக்கும் அந்த மனிதர் பயந்தது சாவுக்கு இல்லை. மறுமையில், தேவதூதன் எக்காளம் ஊதி எல்லோரும் எழுந்து நிற்கும்போது, பக்கத்தில் துடைப்பக்காரி நிற்பாளே என்றுதான். கிறிஸ்துவை எழுபது வருடம் கும்பிட்டுக் கண்ட பலன் இது.

வெள்ளிக்கிழமை பேராயத்துக்கு நாலு வரி எழுதினார். தன் பெயரிலுள்ள இடத்தையும் சபையின் நன்மையை முன்னிட்டு விட்டுக்கொடுப்பதாக.

ஞாயிறு ஆராதனையில் பிலிப்பா கண்கலங்கிவிட்டார். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. "சட்டம் தன் பக்கம் இருந்தும் பிடியை விட்டவர் ஒருத்தர் நம்ம நடுவுலயே இருக்கார்," என்றார். "டிசம்பர்ல நான் சொன்னதை ஒருத்தர் செஞ்சே காட்டிட்டார்."

எல்லாத் தலைகளும் வெப்பக்குழாய்ப் பக்கம் திரும்பின. இதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சும்மாவாவது முகம் சிவந்திருக்கலாம். மாட்டார். கிளமெண்ட் கண்களைத் தாழ்த்தி, தாழ்மையாக, மிக அழகாகத் தலைகுனிந்தார். அரை மணி நேரத்துக்குள் அவரே அதை நம்பிவிட்டார். காபி வேளையில் கைகுலுக்கியவர்களிடம், "எல்லாம் ஒரு நியாயம்தானே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் ஏன் விட்டார் என்பது ஈனிட்டுக்கு நன்றாகவே தெரியும். மார்ஜரியைச் சுவரோரம் இழுத்து, "என் பக்கத்துல கெடக்கப் பிடிக்காமத்தானே?" என்றாள்.

"ஆமா, ஈனிட்."

"நல்லதாப் போச்சு. அந்த ஆளு பேச்சைக் கேட்டுக்கிட்டே கெடக்கணுமோன்னு பயந்துக்கிட்டிருந்தேன்." வாயைப் பொத்திச் சிரித்தாள். அப்புறம் மார்ஜரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் உலர்திராட்சை கேக் ஒன்று செய்து ஆர்பெல் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். கிளமெண்ட் இரண்டு துண்டு தின்றார்.

கேக் தின்ற கையோடு ஊர்ப் பொதுக் கல்லறைக்கான விண்ணப்பப் படிவத்தை எடுத்துச் சமையலறை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல மூலை கிடைக்க வேண்டுமே, முந்திக்கொள்ள வேண்டாமா? சாலைச் சத்தம் கேட்காத மேட்டுப் பக்கமாகக் கேட்டு எழுதினார். மார்ஜரி கேக் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேருக்குன்னு ஒரு கட்டம் இருக்கு," என்றார். "ரெண்டுன்னு போட்டுடறேன்."

"ஒண்ணுன்னு போடுங்க."

"என்ன?"

"ஒண்ணு. நான் எங்கே போறதுன்னு இன்னும் யோசிக்கலை. உங்க பக்கத்துல இல்லை, அது மட்டும் தெரியும்."

கிளமெண்ட் பேனாவைக் கீழே வைத்தார். குரல் அப்போதும் உயரவில்லை. "நாப்பத்தாறு வருஷத்துக்கு அப்புறம் இப்படிப் பேசறது... இது நியாயமா, மார்ஜரி?"

மார்ஜரி ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இல்லைங்க," என்றாள். "கொஞ்சங்கூட நியாயம் இல்ல. ஒண்ணுன்னே போடுங்க."